டிராஃப்டுக்கு முன்னால் ஈகிள்ஸ்: மார்ச் மாத வேலையை எப்படி எடை போடுவது?

பச்சைச்சிறகு | 2024 ஏப்ரல் 20

வியாழக்கிழமை டெட்ராய்ட்டில் டிராஃப்ட், அமெரிக்கக் கால்பந்து லீக்கில் அணிகள் கல்லூரி வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்வு. அதற்குள் எல்லோரும் நம் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்கு மதிப்பெண் போட்டு முடித்துவிட்டார்கள், அதில் பாதிப் பேர் வந்தவர்களின் பெயரை மட்டும் பார்த்துப் போடுகிறார்கள். ரன்னிங் பேக் (பந்தை வாங்கி ஓடுபவர்) சக்வான் பார்க்லி வந்தார், அதனால் நூற்றுக்குத் தொண்ணூறு. ஜேசன் கெல்சி ஓய்வு பெற்றார், அதனால் பத்து குறைத்து எண்பது. இப்படிக் கணக்குப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நான் பார்ப்பது ஒன்றைத்தான். மார்ச்சில் செய்த வேலையால், டிராஃப்ட் அன்று நம்மைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளும் ஓட்டைகள் எத்தனை குறைந்தன? ஃப்ரீ ஏஜென்சி, அதாவது ஒப்பந்தம் முடிந்த வீரர்களை மற்ற அணிகள் எடுக்கும் காலம், மழைக்கு முன்னால் கூரையில் ஓலை மாற்றுகிற மாதிரி. எல்லா இடமும் புதிதாக வேண்டாம், ஒழுகுகிற இடத்துக்குக் கீழே பாய் விரித்துப் படுக்கிற நிலைமை வராமல் இருந்தால் போதும். ஒரு இடம் முழுக்கக் காலியாகக் கிடந்தால் என்ன ஆகும்? அந்த இடத்துக்கான பையன் 40ஆவது தேர்வுக்குத்தான் தேறுவான் என்று தெரிந்தும் நம் முதல் தேர்வான 22இலேயே எடுப்போம்.

போன சீசன் முடிவை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 10-1 (பத்து வெற்றி, ஒரு தோல்வி) என்று போன அணி கடைசி ஆறில் ஐந்தைத் தோற்று 11-6 ஆகி, பிளேஆஃபில் டாம்பாவிடம் 32-9 வாங்கியது. அன்று இரவு எத்தனை டாக்கிள் (ஆளைப் பிடித்துச் சாய்ப்பது) தவறியது என்று எண்ணிக்கொண்டே வந்து, மூன்றாவது குவார்ட்டரில் எண்ணுவதை விட்டுவிட்டேன். அந்த இரவில் தெரிந்த ஓட்டைகளை எழுதி வைத்தேன்: கார்னர்பேக் (பந்து பிடிக்க ஓடுபவரை மறிப்பவர்), லைன்பேக்கர் (தற்காப்பின் நடுவில் நிற்பவர்), சேஃப்டி (கடைசி வரிசைக் காவல்), பாஸ் ரஷ்ஷில் (பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கைத் துரத்துவதில்) வயது, தற்காப்பை யார் நடத்துவது என்ற கேள்வி. சீசன் நடுவில், டிசம்பரில், தற்காப்புப் பயிற்சியாளர் ஷான் டிசாயிடமிருந்து பிளே (அடுத்து எப்படி ஆடுவது என்று) அழைக்கும் பொறுப்பைப் பிடுங்கி மேட் பட்ரீசியாவிடம் கொடுத்தார்களே, அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

என் கணக்கில் இந்த மாற்றங்களிலேயே பெரியது புதுத் தற்காப்புப் பயிற்சியாளர் விக் ஃபாஞ்சியோ. அவர் வந்தது வீரர்கள் பட்டியலில் ஏறாது, அதனால் யாரும் அதற்கு மதிப்பெண் போடுவதில்லை. அவர் திட்டத்தில் சேஃப்டிதான் முதுகெலும்பு, அந்த இடத்துக்கு சி.ஜே. கார்ட்னர்-ஜான்சனைத் திருப்பிக் கூட்டி வந்ததும் சரி. ஆனால் கார்னர் இன்னும் ஓட்டைதான். டாரியஸ் ஸ்லேவுக்கு 33 வயது, ஜேம்ஸ் பிராட்பெரி போன வருஷம் ஓட முடியாமல் திணறினார்.

நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்?

மூன்றாவது_டவுன் | 2024 ஏப்ரல் 20

ஓட்டைக் கணக்கு நல்ல கணக்குதான், ஆனால் அந்தக் கணக்கிலேயே பார்க்லி தோற்கிறார். ரன்னிங் பேக் நமக்கு ஓட்டையே இல்லை. டி'ஆண்ட்ரே ஸ்விஃப்ட் போன வருஷம் ஆயிரம் யார்டு ஓடினார். அவரை விட்டுவிட்டு, 27 வயதில், 2020இல் முழங்கால் லிகமென்ட் கிழிந்தவருக்கு மூன்று வருஷத்துக்கு 37.75 மில்லியன் டாலர், அதில் 26 மில்லியன் உத்தரவாதம். நியூயார்க் ஜயன்ட்ஸ் ஆறு வருஷம் வைத்துப் பார்த்துவிட்டு விட்ட ஆள். அவரை அவர்களைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

இன்னொன்று. 2011 ஞாபகம் இருக்கிறதா? கார்னர்பேக் நாம்டி அசோமுகாவுக்கு ஐந்து வருஷத்துக்கு 60 மில்லியன். பேக்கப் குவார்ட்டர்பேக்காக வந்த வின்ஸ் யங் 'ட்ரீம் டீம்' என்றே சொல்லிவிட்டார். சீசன் முடிவில் 8-8. மார்ச்சில் கோப்பை ஜெயிக்கிற அணிகளை நான் நம்புவதில்லை.

பச்சைச்சிறகு | 2024 ஏப்ரல் 20

2011ஐ எடுத்ததற்கு நன்றி, ஏனென்றால் அது நான் சொல்ல வருவதற்குத்தான் சாட்சி. அந்த வருஷம் லாக்அவுட், முதலாளிகள் வீரர்களை வெளியே நிறுத்தியிருந்தார்கள். ஏப்ரலில் டிராஃப்ட் நடந்தது, ஃப்ரீ ஏஜென்சி ஜூலைக் கடைசியில்தான் திறந்தது. வரிசையே தலைகீழ். ஓலை மாற்ற வழியில்லாமல் ஓட்டையோடு டிராஃப்டுக்குப் போனார்கள். தாக்குதல் லைனில் (முன்னால் நின்று எதிரணியைத் தடுக்கும் வரிசை) கார்டு, அதாவது நடுவில் நிற்கும் சென்டருக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தது, 23ஆவது தேர்வில் டேனி வாட்கின்ஸை எடுத்தார்கள். 26 வயது, கனடாவில் தீயணைப்பு வீரராக வேலை பார்த்தவர், நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் இரண்டே சீசன். 2013இல் விட்டுவிட்டார்கள். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த இடத்தில் ஒரு அனுபவசாலியை முன்பே ஒரு வருஷ ஒப்பந்தத்தில் வைத்திருந்தால், அந்தத் தேர்வை வேறு மாதிரி பயன்படுத்தியிருக்கலாம்.

பார்க்லி விஷயத்தில், நீங்கள் சொல்வது போல ஓட்டை இல்லைதான். ஆனால் ஜயன்ட்ஸில் அவர் பந்தைக் கையில் வாங்குவதற்குள் பின்னால் இரண்டு பேர் வந்து நிற்பார்கள். இங்கே லைனில் இடது பக்கம் ஜோர்டன் மைலாட்டா, லேண்டன் டிக்கர்சன், வலது பக்கம் லேன் ஜான்சன். முதல் மூன்று யார்டு யாரும் தொடாமல் அவர் ஓடி இதுவரை நாம் பார்த்ததே இல்லை. அதைப் பார்க்க நான் 26 மில்லியன் கொடுப்பேன்.

சென்னை_அதிகாலை | 2024 ஏப்ரல் 21

அண்ணா, நான் இங்கே சென்னையிலிருந்து பார்க்கிறேன். டாம்பா ஆட்டம் எங்களுக்கு மாட்டுப்பொங்கல் காலை ஆறே முக்கால் மணி. வீட்டில் எல்லோரும் தெருவில் நிற்க, நான் மட்டும் உள்ளே போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அந்த வயிற்றெரிச்சல் இன்னும் போகவில்லை.

எனக்கு ஒன்று புரியவில்லை. சம்பள உச்சவரம்பு எல்லா அணிக்கும் ஒன்றுதானே? பார்க்லி, பிரைஸ் ஹஃப், மைலாட்டா, டிக்கர்சன், போன வாரம் டெவான்ட்டா ஸ்மித் என்று எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டே போகிறார்களே, பணம் எங்கிருந்து வருகிறது?

கணக்குப்பிள்ளை | 2024 ஏப்ரல் 21

இதைச் சொல்லாமல் எந்த மாற்றத்தையும் எடை போட முடியாது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இந்த வருஷ கேப் (நீங்கள் கேட்ட சம்பள உச்சவரம்பு) 255.4 மில்லியன் டாலர். போன வருஷம் 224.8. ஒரே வருஷத்தில் 30 மில்லியனுக்கு மேல் ஏறியிருக்கிறது. இப்போது ஒரு வீரருக்கு 10 மில்லியன் கையெழுத்து போனஸ் கொடுக்கிறார்கள் என்று வையுங்கள். பணம் இன்றைக்கே அவர் வங்கிக் கணக்குக்குப் போய்விடும். ஆனால் கேப் புத்தகத்தில் அதை ஐந்து வருஷம் வரை பிரித்து எழுதலாம், வருஷத்துக்கு 2 மில்லியன். ஒப்பந்தமே மூன்று வருஷம்தான் என்றால்? பின்னால் இரண்டு வெற்று வருஷங்களை ஒட்டவைப்பார்கள். அந்த வருஷங்களில் அவர் ஆடப்போவதில்லை, காகிதத்தில் மட்டும் இருக்கும். நம் பொது மேலாளர் ஹோவி ரோஸ்மேன் அளவுக்கு இதைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு.

இது மாயம் இல்லை, கடன். வீரர் போனதும் எழுதாமல் மிச்சம் வைத்த பணமெல்லாம் மொத்தமாக வந்து விழும். ஆனால் கேப் வருஷா வருஷம் ஏறுவதால், 2024இல் வாங்கிய கடன் 2027இல் சின்னதாகத் தெரியும். நம் ஊரில் அந்தக் காலத்தில் மனை வாங்கியவர்கள் தவணையைக் கட்டி முடிக்கும்போது தவணை ஒரு மாத மளிகைக்குக்கூடக் காணாத தொகை ஆகியிருக்கும், அது மாதிரி. முதலாளி பணத்தை இன்றைக்கே கையில் எடுத்துக் கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. எல்லா முதலாளியும் அதற்குச் சம்மதிக்க மாட்டார்கள்.

அதனால் '37.75 மில்லியன்' என்ற மொத்தத்தைப் பார்த்து யாரும் பதற வேண்டாம். எந்த வருஷம் வெளியேறினால் எவ்வளவு மிஞ்சும் என்று பாருங்கள். அதில்தான் ஒப்பந்தம் நல்லதா கெட்டதா என்பது தெரியும்.

ஆற்றோரம் | 2024 ஏப்ரல் 21

நான் டெலாவேர் ஆற்றுக்கு இந்தப் பக்கம், தெற்கு ஜெர்சியில் இருக்கிறேன். நீங்கள் எல்லோரும் கார்னர் கார்னர் என்கிறீர்கள், எனக்குப் பயம் வேறு இடத்தில்.

மார்ச் 4 அன்று நம் சென்டர் கெல்சி ஓய்வை அறிவித்துப் பேசியதை முழுக்கப் பார்த்தேன். கையில்லாத ஈகிள்ஸ் பனியன், மேசை, ஒரு மைக். உட்கார்ந்தார், வாயைத் திறந்தார், வார்த்தை வரவில்லை, அழுதார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப ஆரம்பித்தார். நாற்பது நிமிடத்துக்கு மேல் பேசினார், முன் வரிசையில் அப்பா, அம்மா, தம்பி. அலுவலகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு நானும் கண்ணைத் துடைத்தேன், இதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. 13 சீசன், ஆறு முறை ஆல்-ப்ரோ (அந்த வருஷத்தில் லீக்கின் சிறந்த வீரர்கள்) முதல் அணி.

சென்டர் என்றால் பந்தைக் கால் நடுவே கொடுப்பவர் மட்டும் இல்லை. எதிர்அணி எப்படி நிற்கிறது என்று பார்த்து, யார் யாரைத் தடுப்பது என்று லைன் முழுவதற்கும் கத்திச் சொல்பவர் அவர்தான். கேம் ஜர்கன்ஸ் இரண்டு வருஷம் அவர் நிழலில் கற்றிருக்கிறார், சென்டருக்கு வருவார், சரி. ஆனால் ஜர்கன்ஸ் போன வருஷம் ஆடியது வலது கார்டில். அவர் நகர்ந்தால் அந்த இடம் காலி. டைலர் ஸ்டீன் வருவார் என்கிறார்கள், ஸ்டீன் இன்னும் எதையும் நிரூபிக்கவில்லை. ஒருவர் போனதில் இரண்டு இடம் ஆடுகிறது. பச்சைச்சிறகு பட்டியலில் இது ஏன் இல்லை?

பச்சைச்சிறகு | 2024 ஏப்ரல் 21

இருந்திருக்க வேண்டும். டாம்பா ஆட்டத்தில் தெரிந்ததை மட்டும் எழுதினேன், அதற்கப்புறம் விழுந்த ஓட்டையை விட்டுவிட்டேன். வலது கார்டைச் சேர்க்கிறேன். தற்காப்பு லைனில் ஃப்ளெட்சர் காக்ஸும் ஓய்வு பெற்றுவிட்டார், ஆனால் உள்ளே ஜேலன் கார்ட்டர், ஜோர்டன் டேவிஸ், மில்ட்டன் வில்லியம்ஸ் இருப்பதால் அங்கே அவ்வளவு கவலை இல்லை.

மூன்றாவது_டவுன் | 2024 ஏப்ரல் 22

சரி, பார்க்லியை ஒதுக்கி வைக்கிறேன். ஹஃப் விஷயத்துக்கு வாருங்கள். நம் பாஸ் ரஷ்ஷர் ஹசான் ரெட்டிக் 2022இல் 16 சாக் (குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு சாய்ப்பது), 2023இல் 11. அவரை ஜெட்ஸுக்கு அனுப்பி 2026இன் நிபந்தனையோடு கூடிய மூன்றாம் சுற்றுத் தேர்வு வாங்கினோம். அதே ஜெட்ஸிலிருந்து ஹஃபை மூன்று வருஷத்துக்கு 51 மில்லியனுக்கு எடுத்தோம். வயது குறைவு என்பது உண்மை, 10 சாக் எடுத்தார் என்பதும் உண்மை. ஆனால் ஜெட்ஸ் அவரைப் பாதி ஸ்னாப்புக்கும் (பந்து ஆட்டத்துக்கு வரும் ஒவ்வொரு முறை) குறைவாகத்தான் இறக்கியது, பாஸ் வரும் என்று தெரிந்த நேரங்களில். களைப்பில்லாமல் வந்து ஓடுபவர், நாள் முழுக்க நின்று பந்தோடு ஓடுபவரையும் தடுப்பாரா? எனக்கு நம்பிக்கை இல்லை.

லைன்பேக்கரில் டெவின் வைட், டாம்பாவிலிருந்து, ஒரு வருஷம். அந்தப் பெயராவது தெரிந்த பெயர். நியூ ஆர்லியன்ஸிலிருந்து ஸாக் பான் என்று ஒருவரை 3.5 மில்லியனுக்கு எடுத்திருக்கிறார்கள். ஸ்பெஷல் டீம்ஸில் (பந்தை உதைக்கும் ஆட்டங்களில்) நன்றாக ஆடுவார், எட்ஜில் (லைனின் ஓரத்தில்) கொஞ்சம் ரஷ் பண்ணுவார். இவரை வைத்து ஓட்டை அடைந்தது என்று யாரும் சொல்ல வேண்டாம். இந்த அணி 1979இல் ஜெர்ரி ராபின்சனை எடுத்ததற்கு அப்புறம் முதல் சுற்றில் லைன்பேக்கர் எடுத்ததே இல்லை. அந்த இடத்துக்குச் செலவு செய்யவே மனம் வராதவர்கள்.

பச்சைச்சிறகு | 2024 ஏப்ரல் 22

பான் பற்றி எனக்கும் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு வருஷ ஒப்பந்தத்தில் தவறினால் நஷ்டம் கொஞ்சம். வைட், பான், நக்கோபி டீன் மூன்று பேரில் ஒருவர் தேறினால் போதும் என்று வைத்திருக்கிறார்கள். ஹஃப் பற்றி நீங்கள் சொன்ன ஸ்னாப் கணக்குக்கு என்னிடம் பதில் இல்லை.

கார்னருக்கு வருகிறேன். 2002இல் லிட்டோ ஷெப்பர்டை எடுத்ததோடு சரி, அதற்கப்புறம் முதல் சுற்றில் கார்னர் எடுக்கவில்லை. 22 வருஷம். இந்த முறை மார்ச்சில் அந்த இடத்துக்குப் பெரிய பணம் போடாமல் விட்டது மறதியால் இல்லை என்று நினைக்கிறேன். குவார்ட்டர்பேக்குகளும் தாக்குதல் லைன் பையன்களும் முண்டியடிக்கிற டிராஃப்ட் இது. எல்லோரும் அந்தப் பக்கம் ஓடினால் கார்னர் கீழே நழுவி நம்மிடம் வரும். சந்தையில் எது மலியும் என்று தெரிந்து, அதை மட்டும் வாங்காமல் வைத்திருப்பதும் வேலைதான். மற்ற இடங்களை அடைத்தது இந்த ஒன்றுக்காகக் காத்திருக்க முடிவதற்கு. 22, 50, 53 என்று மூன்று நல்ல தேர்வுகள் கையில் இருக்கின்றன.

சென்னை_அதிகாலை | 2024 ஏப்ரல் 27

வெள்ளி காலை ஐந்தரைக்கு அலாரம் வைத்து எழுந்தேன். முதல் 14 தேர்வும் தாக்குதல் ஆட்டக்காரர்கள்! முதல் 12இல் ஆறு குவார்ட்டர்பேக். 21 பேர் போயும் ஒரு கார்னர்கூடப் போகவில்லை. 22இல் நமக்குக் கார்னர் குவின்யன் மிட்செல், இருந்த இடத்திலேயே உட்கார்ந்து. அடுத்த நாள் வாஷிங்டனோடு பேசி 40க்கு ஏறி இன்னொரு கார்னர் கூப்பர் டீஜீன். அண்ணா, நீங்கள் எழுதியதை எடுத்துத் திரும்பப் படித்தேன்.

ஆற்றோரம் | 2024 ஏப்ரல் 30

வலது கார்டுக்கும் ஆள் வந்தாயிற்று. மெக்காய் பெக்டன், நேற்று. ஜெட்ஸ் 2020இல் 11ஆவது தேர்வில் டாக்கிளாக (லைனின் ஓரத்தில் நிற்பவர்) எடுத்தவர், காயங்களால் அங்கே நிலைக்கவில்லை. அவரை கார்டில் நிறுத்தினால் எப்படி இருக்கும் என்று ஜெஃப் ஸ்டௌட்லண்டிடம் விடலாம். லைன் ஆட்களை உருவாக்குவதில் அந்தப் பயிற்சியாளர் கையில் நம்பிக்கை உண்டு.

மூன்றாவது_டவுன் | 2025 பிப்ரவரி 11

பத்து மாதம் கழித்து இந்த இழையைத் தூசி தட்டுகிறேன், ஏனென்றால் நான் எழுதியதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

பார்க்லி: முழுக்கத் தப்பு. 2,005 யார்டு, கடைசி ஆட்டத்தில் ஓய்வு கொடுத்தும். பிளேஆஃபையும் சேர்த்தால் 2,504, லீக் வரலாற்றிலேயே யாரும் தொடாத எண். சாவோ பாலோவில் முதல் ஆட்டத்தில் மூன்று டச்டவுன் போட்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. 'ஜயன்ட்ஸுக்குத் தெரியாததா' என்று கேட்டேன், அவர்கள் 3-14.

ஹஃப்: நான் சொன்னது நடந்தது, ஆனால் அதில் எனக்குச் சந்தோஷம் இல்லை. இரண்டரை சாக், மணிக்கட்டில் அறுவை, லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் உடையே மாற்றவில்லை. அவர் இடத்தை நோலன் ஸ்மித்தும் ஜாஷ் ஸ்வெட்டும் நிரப்பினார்கள். டெவின் வைட் சீசனில் ஒரு ஸ்னாப்கூட ஆடாமல் அக்டோபரில் போனார்.

ஸாக் பான்: யாரும் சொல்ல வேண்டாம் என்று நான்தான் எழுதினேன். ஃபாஞ்சியோ அவரை எட்ஜிலிருந்து நடுவுக்கு நகர்த்தினார். 151 டாக்கிள், ஆல்-ப்ரோ முதல் அணி, சூப்பர் பவுலில் கான்சாஸ் சிட்டி குவார்ட்டர்பேக் மஹோம்ஸிடமிருந்து ஒரு இன்டர்செப்ஷன் (வீசிய பந்தைப் பறிப்பது). மூன்றரை மில்லியனுக்கு. அவரை எந்த இடத்தில் நிறுத்தப் போகிறார்கள் என்று நான் அன்றைக்குக் கேட்கவே இல்லை, பழைய அணியில் என்ன செய்தார் என்று மட்டும் பார்த்தேன்.

சென்னை_அதிகாலை | 2025 பிப்ரவரி 11

திங்கள் காலை ஐந்து மணி. இந்த முறை தனியாக இல்லை, அப்பாவும் எழுந்து வந்து உட்கார்ந்தார், அவருக்கு ஆட்டம் புரியாது. இரண்டாவது குவார்ட்டரில் டீஜீன் பந்தைப் பிடித்து 38 யார்டு ஓடி உள்ளே போனதும் நான் கத்திய கத்தலில் அம்மா அடுக்களையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார். அன்றைக்கு டீஜீனுக்குப் பிறந்தநாள், பார்க்லிக்கும் பிறந்தநாள். இடைவேளையில் 24-0. கான்சாஸ் சிட்டி முதல் புள்ளி எடுப்பதற்குள் 34-0. 40-22 என்று முடிந்தபோது அப்பா கேட்டார், "இவ்வளவு சுலபமான ஆட்டமா இது?" இல்லை அப்பா, போன வருஷப் பொங்கலுக்கு என் முகத்தைப் பார்த்தீர்களே என்றேன்.

ஆற்றோரம் | 2025 பிப்ரவரி 12

மஹோம்ஸை ஆறு முறை சாய்த்தோம், அதுவும் பிளிட்ஸ் (கூடுதல் ஆட்கள்) அனுப்பாமலே, முன்னால் நால்வரை வைத்தே. பெக்டன் வலது கார்டில் கிட்டத்தட்ட சீசன் முழுக்க நின்றார். ஜர்கன்ஸ் முதுகு வலியோடு ஆடினார். வெள்ளிக்கிழமை ஊர்வலத்துக்கு பிராட் ஸ்ட்ரீட் போகிறேன், வருகிறவர்கள் சொல்லுங்கள்.

பச்சைச்சிறகு | 2025 பிப்ரவரி 12

நானும் வருகிறேன், காலை முதல் ரயிலில்.

மூன்றாவது_டவுனுக்கு: பானைப் பற்றி நானும் தப்புதான், 'தவறினால் நஷ்டம் கொஞ்சம்' என்றேனே தவிர இவர் தேறுவார் என்று சொல்லவில்லை. கார்னரில் சொன்னது பலித்தது, வலது கார்டை ஆற்றோரம் சொல்லித்தான் பார்த்தேன். ஐந்து பேர் சேர்ந்து எழுதியதால் பட்டியல் முழுமையானது, நான் தனியாக உட்கார்ந்திருந்தால் பாதிதான் இருந்திருக்கும்.

ஊர்வலம் முடிந்ததும் புது இழை திறக்கிறேன். மார்ச் 12க்குப் புது லீக் வருஷம் தொடங்குகிறது. பான், ஸ்வெட், மில்ட்டன் வில்லியம்ஸ், பெக்டன் நால்வருக்கும் ஒப்பந்தம் முடிகிறது. நால்வரையும் வைத்துக்கொள்ளப் பணம் இருக்காது. முதலில் யாரைப் பிடிப்பது? நான் பானுக்குக் கை தூக்குகிறேன். கணக்குப்பிள்ளை, பழைய கடனில் ஹஃபை அனுப்பினால் எவ்வளவு வந்து விழும் என்று கொஞ்சம் போட்டுச் சொல்லுங்கள்.